மு. டெல்பின்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. சென்னையில் ஒரு பத்திரிகையின் சிறப்பிதழுக்கு, ‘தனிமனிதர்களும் தேசங்களும் உலக வரலாற்றை எப்படி உருவாக்குகிறார்கள்’ என்ற பொருளில் எழுத வேண்டும் என்றார் ஆசிரியர். கட்டுரையா, கதையா என்று கேட்டேன். எதுவானாலும் சரி, படம் போட இடம் விட்டு எழுதுங்கள் என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “வரலாறு என்பது மாமனிதர்களின் நிழலில் சாதாரண மக்கள் நடந்துசெல்லும்

நடந்து எங்கே போகிறார்கள் என்று எனக்கே தெரியாததால் அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. இரண்டாவது தொடக்கம்: “தாமிரபரணி எத்தனையோ அரசுகளைப் பார்த்திருக்கிறது.” ஆறு எதையும் பார்க்காது. அடித்துவிட்டுக் கருவாடு வாங்கக் கிளம்பினேன்.

தச்சநல்லூரில் எங்கள் தெரு முனையில்தான் முசோலினி அண்ணாச்சியின் கருவாட்டுக் கடை இருக்கிறது.

2

முசோலினி பட்டப்பெயர் அல்ல. ரேஷன் கார்டிலும் அதுதான். கதாபாத்திரத்துக்கு நானாக இப்படிப் பெயர் வைத்திருந்தால் என்னை நானே நம்பமாட்டேன். மனிதர் அவ்வளவு சாது. நெத்திலிக்கு ஒரு விலை சொல்வார். வாங்க வந்தவர் முகம் கொஞ்சம் சுருங்கினால் போதும், அவரே குறைத்துவிடுவார். மனைவி கிரேஸி வந்து கல்லாவில் உட்காரும் நாள்களில் மட்டும்தான் கடையில் சட்டம் ஒழுங்கு உண்டு.*

* சர்வாதிகாரியின் பெயர் கொண்ட சாதுவான மனிதர் என்பது மலிவான முரண். தெரியும். அவர் அப்படித்தான் இருக்கிறார், நான் என்ன செய்ய?

அவருடைய அண்ணன் பெயர் சர்ச்சில். ஒருவர் இங்கிலாந்தின் பிரதமர், இன்னொருவர் இத்தாலியின் சர்வாதிகாரி. இரண்டாம் உலகப் போரில் எதிரெதிர் அணி. ஆனால் உடன்குடிக்குக் கிழக்கே கடலோரத்தில் இந்த இருவரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தார்கள். இன்றும் சர்ச்சில் அங்கிருந்து கருவாடு அனுப்புகிறார், முசோலினி இங்கே விற்கிறார். இதுவரை இருவருக்கும் இடையில் ஒரு சொல் கூடக்குறைய வந்ததில்லை.

இப்படிப் பெயர் வைத்தவர் அவர்களுடைய அப்பா தொம்மை. ஏன் வைத்தார்?

(அ) கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் ரேடியோவில் அடிக்கடி கேட்டு, சத்தம் பிடித்துப்போனது.

(ஆ) இரண்டு பேருமே புனிதர்கள் என்று நினைத்துவிட்டார்.

(இ) சண்டை போட்ட இருவரின் பெயரையும் தன் பிள்ளைகளுக்கு வைத்து, இவர்களையாவது ஒற்றுமையாக வளர்த்துக் காட்டுவோம் என்று இருந்தார்.

(இ) நான் இட்டுக்கட்டியது. எடுபடுகிறதா என்று பார்க்க, கடையில் வைத்து அண்ணாச்சியிடமே சொல்லிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“எங்கப்பா அப்படி நெனச்சிருப்பாவ சார். கண்டிப்பா நெனச்சிருப்பாவ.”

அடுத்த வாரம் அதையே அவர் அப்பா சொன்னதாக எனக்குச் சொன்னார். பெரிய அரசியல் சிந்தனைகளும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதை அடிக்குறிப்பில் ஆதாரமாகக் காட்ட முடியாது.

3

இனி பிரச்சினை.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், டெல்பின். நர்சிங் முடித்தவள். வடக்கு இத்தாலியில் கன்னியர்கள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் அவள் மு. டெல்பின். பாஸ்போர்ட்டில் அந்த ஒற்றை எழுத்து விரிந்து குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தாலிக்குப் போகவிருந்தவள் டெல்பின் முசோலினி.

வீடியோவில் நேர்காணல் முடிந்து வந்து அப்பாவிடம் சொன்னாள்:

“அந்த மதர் என் பேர ரெண்டு தடவ வாசிச்சாவப்பா. பொறவு, இது நெசமாவே ஒன் பேரான்னு கேட்டாவ. அங்க இருக்க வயசாளிகள்ல அந்த ஆளால அப்பன இழந்தவங்க இருக்காவளாம். பேர மாத்திட்டு வா, ஒனக்கு வேலை இருக்குன்னுட்டாவ.”

“நான் என்ன பண்ணுனேன்?” என்றார் அண்ணாச்சி.

“நீங்க ஒண்ணும் பண்ணலப்பா.”

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போனில் இன்னும் விவரமாகச் சொன்னார். “அங்க போயி இந்தப் பேரச் சொன்னா சிலபேரு சிரிப்பான். சிலபேரு காறித் துப்புவான். சிலபேரு சல்யூட் அடிப்பான். அந்த மூணாவது ஆளுகிட்டதான் சூதானமா இருக்கணும்.”

[இந்த இடத்தில் பாசிசம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஏஜென்ட் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாததால் எடுத்துவிட்டேன்.]

4

கருவாட்டுக் கடைக்கு எதிரே முஃபீதா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். ஆதார், பாஸ்போர்ட், பட்டா எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். அவள் சுலபமான வழி சொன்னாள்: அண்ணாச்சி மாற வேண்டாம், டெல்பின் மட்டும் கெஜட்டில் விண்ணப்பித்து அப்பா பெயரை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். படம் போடவும் இடம் நிறைய இருந்திருக்கும். ஆனால் அண்ணாச்சி இரண்டு நாள் கடை திறக்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

“செத்துப்போனவன் பேரக்கூட பிள்ளையளுக்கு இனிஷியலா போடுதோம் சார். நான் உசுரோட இருக்கேன்லா? அப்பன் பேரு இல்லாமலா எம்பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புவேன்?” அழுதுவிடுவார் போலிருந்தது. “நானே மாத்திக்கிடுதேன். நான் மாறுனா அவளும் என்கூட மாறிருவா.”

இதைக் கதையில் வைக்கலாமா என்று அந்த நேரத்திலும் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் சர்ச்சில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கடல் காற்றோடு அவர் குரல் கேட்டது.

“ஏலே, நீ பேர மாத்திட்டா நான் யார்கூடலே ஒத்துமையா இருக்கது?”

(இ) கடற்கரை வரை போய்ச் சேர்ந்திருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டேன்.

புதுப் பெயர் தேடும் வேலையைக் கிரேஸி கையில் எடுத்தார். “எங்க தாத்தா பேரு பெனிட்டோ. சாமியாரு வச்ச பேரு, அசல் இத்தாலிப் பேரு. அதையே வச்சுக்கிடுங்க. அந்த மதருக்கும் சந்தோசமா இருக்கும்.”

எல்லாருக்கும் பிடித்துப்போனது. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று முஃபீதா போனில் தேடினாள். பார்த்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சர்வாதிகாரியின் முதல் பெயர் பெனிட்டோ.

5

நேற்று காலை முஃபீதாவின் சென்டரில் இருந்தோம்: அண்ணாச்சி, டெல்பின், நான். எனக்கு அங்கே வேலை ஏதும் இல்லை. கதைக்கு முடிவு வேண்டுமே என்று போயிருந்தேன்.

“பழைய பேர டைப் அடிச்சாச்சு. புதுப் பேரு என்ன, அண்ணாச்சி?” என்றாள் முஃபீதா.

அறுபதை நெருங்கும் வயதில் தனக்குத் தானே பெயர் வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. [சேவியர், லூர்து, செல்வராஜ் என்று நான் எழுதி எழுதி அடித்த தாள் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை.]

“அப்பா, என் சர்டிபிகேட்ல எல்லாம் ‘மு’தான் இருக்கு. அது மாறாம ஒரு பேரு சொல்லுங்க,” என்றாள் டெல்பின். “எனக்கு அந்த எழுத்து வேணும்.”

அவர் மகளைப் பார்த்தபடியே இருந்தார்.

“அங்க ஒன்ன அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடும்போது யாருக்கும் மனசு சுருக்குன்னு ஆவக்கூடாது மக்கா. அதான பாக்கேன்.” பிறகு பைய, அவ்வளவு நிச்சயமில்லாத குரலில் சொன்னார்: “முத்து. முத்துன்னு போட்டா என்ன?”

“டெல்பின் முத்து,” என்று டெல்பின் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் சொன்னாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் கண் நிறைந்துவிட்டது. “நல்லாருக்குப்பா.”

“கடல்ல கெடைக்கதுதான. யாருக்கு என்ன கெடுதி பண்ணிரும்?” என்றார் அண்ணாச்சி. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

முஃபீதா அடித்து முடித்தாள். பொத்தானை அழுத்துமுன் என் பக்கம் திரும்பினாள்.

“சார், அடிச்சிட்டா பொறவு மாத்த முடியாது. இந்தப் பேருல வில்லங்கம் ஒண்ணும் இல்லல்லா? நீங்கதான வரலாறெல்லாம் எழுதுதீங்க.”

வில்லங்கம் இருக்கிறது. அண்ணாச்சியின் ஊர்க் கரைக்குப் போர்த்துக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர்கள் வந்தார்கள், இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். அடித்துக்கொண்டார்கள், ஆண்டார்கள். அந்தச் சண்டைகளில் முத்துக்கு நல்ல பங்கு உண்டு. எந்தக் கொடி பறந்தாலும் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி அதை எடுத்துக் கொடுத்தவர்கள் இவருடைய முன்னோர்கள். மூழ்கிய எல்லாரும் மேலே வரவில்லை.

[முடிவு ஒன்று: இதைச் சொல்கிறேன். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொள்கிறார். கட்டம் மறுபடியும் காலியாகிறது. சிறப்பிதழுக்குப் பொருத்தமான முடிவு.]

[முடிவு இரண்டு: “ஒண்ணும் இல்ல, அடிங்க” என்கிறேன். இன்னொரு (இ). அதை நம்பிக்கொண்டு ஒரு பெண் விமானம் ஏறுவாள்.]

ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். எடுக்கவில்லை. கதையில் முஃபீதாவின் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருக்கிறது. அவளும் டெல்பினும் முத்து அண்ணாச்சியும் என் வாயையே பார்க்கிறார்கள்.

நான் உங்கள் வாயைப் பார்க்கிறேன்.