தாலி கட்டுகிறவளுக்கு ஒரு மாதம்

ஒச்சாயிக்கு நிச்சயித்த மாப்பிள்ளைக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தன. வயதாகி விழுந்தவை அல்ல. மறுபடி முளைப்பதற்காக விழுந்தவை.

மாப்பிள்ளையின் பெயர் சோலை. வயது ஏழு. ஒச்சாயிக்கு இருபது. செக்கானூரணிக்கு மேற்கே அந்த ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. தாய்மாமன் மகனுக்குத்தான் பெண் மேல் முதல் உரிமை. அவன் நடக்கிறானா, தவழ்கிறானா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். மனைவி வளர்க்க வளர்க்க அவன் வளர்ந்துகொள்வான்.

தாய்மாமன் மொக்கையனுக்கு மீசை பெரியது. இந்தப் பக்கம் ஒரு எலுமிச்சம்பழம், அந்தப் பக்கம் ஒன்று நிற்கும் என்பார்கள். அது புளுகு. இடது பக்கம் மட்டும்தான் நிற்கும், ஊரே பார்த்திருக்கிறது. அவருக்கு ஒச்சாயி மருமகளாக வந்தே தீரவேண்டும் என்பதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. ஒச்சாயி மாடுகளை ஓட்டிக் கமலை இறைக்க ஆரம்பித்தால் கிணறு வற்றிப்போய், ஊறுவதற்கு அவளிடம் தவணை கேட்கும். மொக்கையனிடம் கிணறு இருந்தது. இறைக்க அப்படியொரு ஆள் இல்லை.

ஒச்சாயியின் மனதில் இருந்தவன் சின்னச்சாமி. மேலூருக்கும் மதுரைக்கும் போய்வரும் மோட்டார் பஸ்ஸில் கண்டக்டர். மொக்கையனுக்குப் பங்காளி மகன் என்பதால் அவனும் அவளுக்கு முறைதான். போன வருஷம் வந்து பெண் கேட்டான்.

"சொந்த முறை குத்துக்கல்லாட்டம் இருக்கையில பங்காளி முறையாடா?" என்றார் மொக்கையன்.

"குத்துக்கல்லு இன்னும் மூக்க ஒழுக விட்டுக்கிட்டு இருக்கே சித்தப்பா" என்றான் சின்னச்சாமி.

பதிலுக்குச் செருப்பு வந்தது. அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். ஒச்சாயியின் அப்பா பேயாண்டி மச்சானுக்குப் பயந்தவர், வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷம்தான் சாரதா சட்டம் என்ற பேச்சு அடிபட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி தொட்டுச் சின்னப் பெண்களுக்குக் கல்யாணம் செய்யக்கூடாது, செய்தால் ஜெயில். மதுரை டவுனில் சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் கல்யாணக் காய்ச்சல் கண்டது. பங்குனி பிறக்கும் முன்பே ஊரிலிருந்த நாயனம் எல்லாம் வாடகைக்குப் போய், கடைசியில் ஒரு வீட்டில் பஸ் ஹாரனை ஊதித் தாலி கட்டினார்கள். ஊதியவன் சின்னச்சாமி. அவனே சொன்னதால் நம்பலாம்.

மொக்கையன் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பொண்ணுக்குப் பதினாலு ஆகணுமாம்ல? எம் மருமகளுக்கு இருபது. ஆறு வருசம் மிச்சமாவே வச்சிருக்கோம்."

எல்லோரும் பெண்ணின் வயதைப் பற்றியே பேசினார்கள். பையனைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சின்னச்சாமிக்குத் தோன்றியது. அவன் பஸ்ஸில் சௌரிராஜன் என்ற வக்கீல் கோர்ட்டுக்கு வருவார். ஒருநாள் ஒத்தக்கடையில், யானைமலைக்கு எதிரே, "என்ஜின் கொதிக்குதுங்க" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு, சட்டத்தைத் தலையிலிருந்து வால் வரை வக்கீலிடம் கேட்டான். அவர் சொல்லி முடித்ததும் என்ஜின் ஆறிவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் ஒச்சாயி இறைத்துக்கொண்டிருந்த கிணற்றடிக்கு வந்து நின்று, கேட்டதையெல்லாம் ஒப்பித்தான்.

"பொண்ணுக்கு மட்டுமில்ல புள்ள. பையனுக்கும் வயசு சொல்லியிருக்கான். பதினெட்டு."

ஒச்சாயி மாடுகளை நிறுத்தினாள். "மாமனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாளைக்கே உன் கழுத்துல கயிறு ஏறிரும்."

"அப்ப மொதத் தேதி வரைக்கும் வாயத் தெறக்காத. பஸ்ல டிக்கெட்டுன்னு கத்துறதோட நிறுத்திக்க."

அன்று மாலையே அவள் மாமன் வீட்டுக்குப் போனாள். சோலைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். "மாமா, அழகர் ஆத்துல எறங்கி மலைக்குத் திரும்பட்டும். வைகாசியில வச்சுக்கிருவோம். ஊரே கூடும்" என்றாள். மொக்கையனுக்கு மீசை தானாக ஒரு அங்குலம் ஏறியது.

பங்குனி நடுவில் ஆபத்து தமுக்கடித்துக்கொண்டு வந்தது. மொக்கையன் வாய்க்கால் வரப்பில் நிற்கிறார். தண்டோராக்காரன் கிணற்றுக்குப் பக்கத்திலேயே நின்று சர்க்கார் உத்தரவைச் சொல்கிறான். "பொம்பளப் பிள்ளைக்கு வயது பதினாலும்..." என்றதும் ஒச்சாயி மாடுகளை விரட்டினாள். கமலை உருளைக்கு அவள் ஒரு வாரமாக எண்ணெய் காட்டியிருக்கவில்லை. அது கிறீச்சிட்ட சத்தத்தில் பத்து மைல் தள்ளிப் பழங்காநத்தத்தில் தொட்டிலில் தூங்கிய பிள்ளைகள் எழுந்து அழுதன. ஆண்பிள்ளைக்கு என்ன வயது என்பது தண்டோராக்காரனுக்கே கேட்கவில்லை. அவன் போகும் வரை அவள் இறைத்தாள். அந்த வருஷம் அவர்கள் தோட்டத்தில் கத்தரிக்காய் தண்ணீரிலேயே மிதந்தது.

ஏப்ரல் வந்தது, போயிற்று. வைகாசியும் வந்தது.

மொக்கையன் வீட்டு வாசலில் பந்தல். மணையில் ஒரு தலைப்பாகை உட்கார்ந்திருந்தது. அதற்குள் சோலை இருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்தில் ஒச்சாயி. அந்த ஊர் வழக்கப்படி தாலி கட்டுவது மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் அக்கா தங்கை. சோலையின் அக்கா செல்லத்தாய் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தாள். பெண்கள் குலவை போட நாக்கைத் தயார் செய்தார்கள்.

ஒச்சாயி எழுந்து நின்றுவிட்டாள்.

"மாமா, சட்டப்படி பையனுக்குப் பதினெட்டு ஆகணும். ஆகாதவனுக்குக் கட்டிவச்சா பெத்தவருக்கு ஒரு மாசம் ஜெயில். கட்டுனா நானே கலெக்டர் கச்சேரியில பிராது கொடுப்பேன்."

மொக்கையன் கூட்டத்தில் சின்னச்சாமியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஏன்டா, நெசமா?"

"நெசம் சித்தப்பா."

"ஜெயிலுக்குப் போனா கல்யாணம் இல்லைன்னு ஆயிருமா?"

சின்னச்சாமி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்ல சித்தப்பா. கல்யாணம் செல்லும். தண்டனை மட்டுந்தான்."

"ஒரு மாசம்தான? சோறு போடுவான்ல?" மொக்கையன் மீசையைத் தடவினார். "எங்கய்யா காலத்துல இருந்து ஜெயிலப் பாத்து எவனாச்சும் பயந்திருக்கமா? மருமக எனக்கு, ஜெயிலு எனக்கு. கட்டு தாயி!"

கூட்டம் ஆரவாரித்தது. ஜெயிலுக்கு இவ்வளவு சந்தோஷமாகக் கிளம்புவார் என்று ஒச்சாயி நினைக்கவில்லை. மூக்கைச் சிந்தி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஒரு புருஷனை வளர்த்து எடுப்பதற்குள் தலை நரைத்துவிடும். செல்லத்தாயின் கை அவள் கழுத்தை நோக்கி வந்தது.

அந்தக் கையைப் பார்த்தாள். சின்னச்சாமி கிணற்றடியில் ஒப்பித்த சட்டத்தின் வால் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மதினி, கொஞ்சம் பொறுங்க. பெத்தவருக்கு மட்டுமில்ல, நடத்தி வைக்கிறவுகளுக்கும் ஒரு மாசம்."

"அதுக்கு?"

"தாலி கட்டுறது யாரு? நீங்கதான?"

செல்லத்தாய் தன் கையிலிருந்த தாலியைத் தேளைப் போலப் பார்த்தாள். "எய்யா! எனக்கு ரெண்டு பசுமாடு கறவையில நிக்குது. எம் மாமியாவுக்குக் கறக்கத் தெரியாது. ஜெயிலுக்கெல்லாம் என்னால ஆகாது."

"நீ நகரு, நானே கட்டுறேன்" என்றார் மொக்கையன்.

"மாமனாரு கட்டுனா பொண்ணு யாருக்குங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பந்தல் கால் ஆடும்படி சிரித்தார்கள்.

"அப்பச் சோலையே கட்டட்டும்! டவுன்ல மாப்பிள்ளதானடா கட்டுறான்?"

ஒச்சாயி அதற்காகவே காத்திருந்தவள் போலக் கேட்டாள். "முறை முறைன்னுதான மாமா என்னையக் கொண்டாந்து ஒக்கார வச்சீக? மாப்பிள்ள கையால தாலி கட்டுறது நம்ம முறையா? முறைய மாத்தலாம்னா, மொதல்ல மாப்பிள்ளைய மாத்துங்க."

மொக்கையனுக்கு மீசை இறங்கியது. இடது பக்கம் முதலில். பேயாண்டி வாழ்க்கையில் முதல்முறையாக மச்சானைப் பார்த்து, "புள்ள சொல்றது ஞாயந்தான மச்சான்" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

தலைப்பாகை அசைந்தது. உள்ளிருந்து ஒரு குரல் ஒச்சாயியைக் கேட்டது. "மதினி, முடிஞ்சிருச்சா? பணியாரம் எப்பத் தருவாக?"

"இந்தத் தாலிய நான் என்ன செய்ய?" என்றாள் செல்லத்தாய். "கையில எடுத்தத கட்டாமக் கீழ வைக்கக் கூடாது." அவள் கண் கூட்டத்தைத் துழாவியது. "ஏலே சின்னச்சாமி, உனக்கு ஒடம்பொறந்தவ கெடையாது. நான் அக்கா முறைதான?"

எல்லோரும் மொக்கையனைப் பார்த்தார்கள். அவர் மகனைத் தலைப்பாகையோடு தூக்கி இறக்கிவிட்டு, தலைப்பாகையை மட்டும் மணை மேல் வைத்தார்.

"வந்து ஒக்காரு மாப்பிள்ள" என்றார் சின்னச்சாமியைப் பார்க்காமலே. பிறகு ஒச்சாயியிடம் திரும்பினார். "எங் கெணறு என்னத்தா ஆகுறது?"

"வாரேன் மாமா. கூலிக்கு வாரேன்."

சின்னச்சாமி மணையில் உட்கார்ந்தான். சோலை பணியாரத்தோடு வந்து கல்யாணத்தைக் கிட்டேயிருந்து வேடிக்கை பார்த்தான். செல்லத்தாய் ஒரு முடிச்சுப் போட்டாள். குலவை எழுந்தது. இரண்டு போட்டாள். மூன்றாவதை இறுக்கப் போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏலே, உனக்குப் பதினெட்டு ஆயிருச்சுல்ல?"

"இருவத்தாறுக்கா."

"அப்பச் சரி" என்று இறுக்கினாள்.