ஒரு பெட்டி போதும்

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்று கைத்துப்பாக்கிகளை எடுத்தார். ஒவ்வொன்றின் மேல் இரும்பையும் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று தனக்கும் அவளுக்கும் காட்டிவிட்டு, ரப்பர் விரிப்பின்மேல் வரிசையாக வைத்தார். டோரீன் யானிக் துப்பாக்கிகளைப் பார்க்கவில்லை. விரிப்பின் ஓரம் எலி கடித்தது போலப் பிய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு மேடம்? வீட்டுப் பாதுகாப்புக்கா, பையில வெச்சுக்கவா?"

"குறி பார்த்துச் சுட. பொழுதுபோக்குக்கு."

சொல்லும்போதே அது வேறு யாரோ சொல்வது போல இருந்தது. பிப்ரவரியில், வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த அவள் கணவன் மெர்ல் மண்வெட்டியோடு சரிந்து விழுந்த நாளிலிருந்து எல்லாமே அப்படித்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி. தொட்டால் தொடுவது தெரியும். வலி மட்டும் தெரியாது.

அவர்கள் ஊரிலேயே துப்பாக்கிக் கடை இருந்தது. அங்கே போனால் மெர்லைத் தெரிந்தவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் மலையைத் தாண்டி, யாருக்கும் அவளைத் தெரியாத இந்தக் கடைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வந்த காரணம் வீட்டுக் கீழ்த்தளத்து அலமாரியில் இருந்தது. பழைய காப்பி டப்பாக்கள் நிறைய, மெர்ல் தன் கையாலேயே அடைத்த தோட்டாக்கள். சுட்டபின் விழும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, வெடிமருந்து நிரப்பி, தோட்டா அடைக்கும் கருவியின் நெம்புகோலை இறக்கி ஒவ்வொன்றாகச் செய்தவை. சனிக்கிழமை அவன் தம்பி லாயிட் வருவதாகச் சொல்லியிருந்தான். எல்லாவற்றையும் பிரித்து, மருந்தைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு, ஈயத்தையும் பித்தளையையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவானாம். "செத்தவன் அடைச்ச தோட்டாவ வேற என்ன பண்றது?" என்று அவன் கேட்டான். அது முரட்டுத்தனம் இல்லை, வழக்கம். ஆனால் அன்றிலிருந்து அவளுக்குள் ஒரே ஒரு எண்ணம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது: அவற்றைச் சுட வேண்டும். மெர்லின் துப்பாக்கி நீளமான, கனமான பந்தயத் துப்பாக்கி. கட்டைவிரல் மூட்டுகள் வீங்கிய அவளால் அதன் மேல் இரும்பை அசைக்கக்கூட முடியவில்லை. அதே அளவுத் தோட்டாவைச் சுடும், அவள் கைக்கு வசப்படும் ஒன்று வேண்டும்.

கடைக்காரரின் சட்டையில் வெண்டெல் என்று தைத்திருந்தது. பெரிய உடம்பு, கால்சட்டையைத் தாங்கும் சிவப்புத் தோள்பட்டி. அவர் மிகச் சிறியதை முதலில் அவள் பக்கம் நகர்த்தினார்.

"பெண்கள் வந்தா எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கின்னு நினைப்பு. தப்பு. சின்னது லேசு, லேசா இருந்தா உதைக்கும். ரெண்டு மேகசின் தோட்டா சுட்டா மணிக்கட்டு திட்டும்."

"சரி."

"இது நடுத்தரம். பிளாஸ்டிக் உடம்பு. நல்ல சாமான்தான், விசையும் சுத்தமா இருக்கும். ஆனா மேல் இரும்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இழுத்துப் பாருங்க."

இழுத்தாள். பாதி வந்து நின்றது.

"இது செக் நாட்டுக்காரன் செஞ்சது. முழுக்க எஃகு. பையில போட்டா இடுப்பு இறங்கிப்போகும், ஆனா நீங்க பையில போடப்போறதில்லையே? கனமே உதையைத் தின்னுடும். பிடி உங்க உள்ளங்கையில உக்காருதா பாருங்க."

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். மூட்டில் சுருக்கென்றது, ஆனால் இரும்பு முழுக்கப் பின்னால் வந்தது. பிடி வளைந்து, யாரோ கை கொடுத்தது போல உள்ளங்கையில் பொருந்தியது.

"எப்படி இருக்கு?"

"எது வேணா சரி. இதையே குடுங்க."

"மூணையும் உள்ள இருக்கிற சுடுற கூடத்துல சுட்டுப் பார்க்கலாமே. வாடகை கொஞ்சம்தான்."

"வேண்டாம்."

வெண்டெல் தலையைச் சொறிந்தார். ஒரு வாடிக்கையாளர் குறிமுள் பற்றிக் கேட்பார், விலை பேசுவார், பக்கத்துக் கடையில் குறைவு என்பார். இந்த அம்மாள் எதுவுமே கேட்கவில்லை.

"தோட்டா எத்தனை பெட்டி போடட்டும்? பொழுதுபோக்குக்குன்னா பத்துப் பெட்டி அடங்கின பெரிய அட்டைப்பெட்டிய மொத்தமா எடுத்துக்குவாங்க. மத்தியானத்துலயே தீர்ந்துடும்."

"ஒரு பெட்டி போதும்."

எஃகுத் துப்பாக்கியின் மேலிருந்த அவர் கை நின்றது. பிறகு அதை எடுத்தார். உள்ளே வைத்தார். நடுத்தரத்தை வைத்தார். சிறியதை வைத்தார். கண்ணாடிக் கதவை இழுத்துப் பூட்டினார்.

"இன்னைக்கு உங்களுக்கு விக்க முடியாது மேடம்."

"ஏன்? லைசென்ஸ் கொண்டுவந்திருக்கேனே."

"அதுக்கில்ல." அவர் குரல் தாழ்ந்தது. "காப்பி குடிக்கிறீங்களா? அங்க நாற்காலி இருக்கு, உக்காருங்க."

கல்லாப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. மனசு தாங்காதவர்கள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண். டோரீன் அதைப் படித்தாள். அதன்பிறகுதான் புரிந்தது.

"நான் என்னையே சுட்டுக்கப் போறேன்னு நினைக்கிறீங்க."

"தப்பா நினைச்சிருந்தா கால்ல விழுறேன். ஆனா விளையாட்டுக்குச் சுடுறவங்க யாரும் ஒரு பெட்டி போதும்னு சொன்னதில்ல. ஒருத்தன் சொன்னான். அவன் மூஞ்சி எனக்கு இன்னமும் மறக்கல."

கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். வரவில்லை.

"வீட்டுல நிறைய இருக்கு. அதான் ஒண்ணு போதும்னேன்," என்றாள். மெர்லைப் பற்றியும் டப்பாக்களைப் பற்றியும் லாயிட் பற்றியும் சொன்னாள். மளிகைச் சீட்டு படிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

வெண்டெல் முழுவதும் கேட்டார். முகம் இளகியது, ஆனால் தலை மறுத்து ஆடியது.

"உங்க கொழுந்தன் சொல்றது சரிதான் மேடம். மத்தவன் அடைச்ச தோட்டாவ யாரும் சுடமாட்டோம். அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. நெம்புகோல் இறங்குறப்ப அவன் மனசு எங்க இருந்துதுன்னு நமக்குத் தெரியாது. ஒரு கூட்டுல மருந்து ரெண்டு தடவை விழுந்திருந்தா, துப்பாக்கியும் போச்சு, விரலும் போச்சு."

"மெர்ல் மத்தவன் இல்ல."

வெண்டெல் காப்பிக் கோப்பையை அவள் முன் வைத்தார்.

"உங்கள நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? வரச் சொல்லுங்க. அவங்க சரின்னா நானும் சரி."

ஒருத்தி இருந்தாள். ஜோலின். வியாழக்கிழமை காலையில் பழைய கல்குவாரியில் கூடும் சுடும் சங்கத்தை நடத்துபவள். மெர்லும் டோரீனும் வருஷக்கணக்கில் போனார்கள், அவன் சுட, இவள் நாற்காலி போட்டுக் கம்பளி பின்னிக்கொண்டிருக்க. அடக்கத்துக்குப் பிறகு ஜோலின் வாராவாரம் கூப்பிட்டாள். டோரீன் எடுக்கவே இல்லை. இப்போது எண்ணை அழுத்துவதற்குள் காப்பி ஆறிவிட்டது.

"ஜோ, நான்தான்."

"எங்கடி இருக்க?"

ஒரு மணி நேரத்தில், வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுத் தொப்பியோடு ஜோலின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உன் போன் என்ன அலங்காரத்துக்கா வெச்சிருக்க? நீ சுவத்துல மாட்டின படமா, நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்க?" பிறகு வெண்டெலிடம் திரும்பினாள். "இவள சந்தேகப்பட்டது நீதானா?"

"ஆமாங்க."

"நல்லது பண்ணின." தொப்பியைக் கழற்றி டோரீனின் எதிரே குனிந்தாள். "டோரீ, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. இந்த ஆள் நினைச்சது நெசமா?"

டோரீன் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் தெரியவில்லை.

"இல்ல ஜோ. சாகணும்னு தோணல. ஆனா வேற எதுவுமே தோணல. பசி தெரியல. குளிர் தெரியல. அந்த டப்பாவ லாயிட் கொட்டிடுவானேங்கிறது மட்டும் தெரியுது."

ஜோலின் அவள் காலரைச் சரிசெய்தாள். மெர்லின் கோட்டு அது, தோள் தொங்கியது.

"லாயிட நான் பார்த்துக்கறேன். சனிக்கிழமை அவன் வந்தா என் நாய்கிட்ட பேசிட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு. மெர்லோட துப்பாக்கியும் சரி, இதுவும் சரி, என் வீட்டு இரும்புப் பெட்டியில இருக்கும். வியாழக்கிழமை நான் எடுத்துட்டு வருவேன், சுட்டு முடிச்சதும் நானே எடுத்துட்டுப் போவேன். சம்மதமா?"

"சம்மதம்."

"வெண்டெல், உனக்கு?"

"எனக்கும்," என்றார் வெண்டெல். பூட்டைத் திறந்தார். "ஆனா மூணையும் சுட்டுப் பார்க்காம தர மாட்டேன். எது வேணா சரின்னு சொல்றவங்களுக்கு நான் துப்பாக்கி விக்கிறதில்ல, அது வேற விஷயம்."

உள்ளே, காதடைப்பான்களுக்கு வெளியே உலகம் தூரமாய்த் தும்மிக்கொண்டிருந்தது. சின்னது அவள் கையில் வெட்டுக்கிளி போலத் துள்ளியது. இரண்டாவது பரவாயில்லை. ஆனால் மேல் இரும்பை இழுக்க ஒவ்வொரு முறையும் ஜோலின் உதவ வேண்டியிருந்தது. மூன்றாவது, எஃகு, லேசாக உதறிவிட்டு அடங்கியது. மீண்டும் சுட்டாள். காகிதத்தில் துளைகள் கிட்டக் கிட்ட விழுந்தன.

"எது?" என்று வெண்டெல் சத்தமாகக் கேட்டார்.

"இது."

"ஏன்?"

"இது என்னைத் தள்ளல. ஒதுங்கிக்கோன்னு சொல்லுது, அவ்வளவுதான்."

வெண்டெல் முதல்முறையாகச் சிரித்தார். அடையாள அட்டை, கேள்விகள், மாநிலக் காவல்துறைக்கு ஒரு போன், எல்லாம் முடிந்து துப்பாக்கி ஜோலின் கைக்குப் போனது. அவர் கடையில் கையால் அடைத்த தோட்டா சுடக்கூடாது என்று சட்டம். "குவாரியில சுடுங்க," என்றார். "சுடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டப்பாவுலயும் கொஞ்சம் எடுத்து எடை பாருங்க. ஒண்ணு கனமா தெரிஞ்சாலும் மொத்த டப்பாவும் வேண்டாம். அவர் மத்தவர் இல்லதான். இருந்தாலும் விரல் உங்களோடது."

அன்று மாலை ஜோலின் தன் தராசோடு டோரீனின் கீழ்த்தளத்துக்கு வந்தாள். முதல் டப்பாவை மட்டும் முழுக்க எடை போட்டார்கள். எல்லாம் ஒரே எடை. "மனுஷனா இது, இயந்திரம்," என்று முணுமுணுத்தபடி ஜோலின் கீழ்த்தளப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். "அது என் இடம்," என்றாள் டோரீன். மெர்ல் மேசையில் வேலை செய்யும்போது, இரவுச் சாப்பாடு வேகும்வரை, அவள் அந்தப் படியில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருப்பாள். ஜோலின் ஒரு படி கீழே நகர்ந்தாள்.

வியாழக்கிழமை குவாரியில் காற்று அடித்தது. எஃகுத் தகடுகள் சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தன. சங்கத்தார் தலையசைத்தார்கள், யாரும் கையைப் பிடிக்கவில்லை. ஜோலின் சொல்லி வைத்திருப்பாள். ஆனால் காப்பி டப்பாவைப் பார்த்ததும் இரண்டு பேர் தங்கள் நாற்காலிகளைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

டோரீன் மேகசினில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒன்றை எடுத்தவள் நிறுத்தினாள். தோட்டாவின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் வெடிப்பொட்டு ஒன்று பளபளவென்று இருக்கும். இதில் அது தலைகீழாக உட்கார்ந்திருந்தது. எடை சரியாக இருந்ததால் தராசுக்குத் தெரியவில்லை.

"ஜோ, இத பாரு."

ஜோலின் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "அடப்பாவி! மெர்லா இது? பொட்டைத் திருப்பி வெச்சிருக்கானே! இது வெடிக்காது, தூக்கிப் போடு. போன வருஷம் நான் இப்படி ஒண்ணு அடைச்சப்ப நாள் முழுக்கக் கிண்டல் பண்ணினானே உன் புருஷன்! ஏய், எதுக்குச் சிரிக்கிற?"

தான் சிரிப்பது டோரீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தனியா இருந்தா அவர் தப்பே பண்ணமாட்டார். நான் படியில உக்காந்து பேச்சுக் குடுத்திட்டிருந்திருப்பேன்."

"என்ன பேசின?"

"யாருக்குத் தெரியும். உருளைக்கிழங்கு பத்தியா இருக்கும்."

அந்தத் தோட்டாவைத் துடைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். நெம்புகோல் இறங்கிய அந்த ஒரு நொடியில் அவன் மனசு எங்கே இருந்தது என்று இந்த உலகத்தில் ஒருத்திக்காவது தெரிந்திருந்தது.

மேகசினைச் செருகினாள். இரண்டு கையாலும் மேல் இரும்பை இழுத்து விட்டாள். மூச்சைப் பாதி விட்டு, விசையை மெல்ல அழுத்தினாள். தூரத்தில் தகடு டிங்கென்றது. துள்ளி விழுந்த பித்தளைக் கூடு அவள் கோட்டுக் கைக்குள் புகுந்து மணிக்கட்டில் ஒட்டியது. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறினாள்.

"ஆ! சுடுது ஜோ, சுடுது!"

"சுடத்தானடி வந்திருக்கோம்," என்றாள் ஜோலின். "அடுத்ததச் சுடு."

சிவந்த இடத்தை டோரீன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வலித்தது. குனிந்து, இன்னும் சூடு ஆறாத அந்தக் கூட்டை எடுத்துக் காலி டப்பாவில் போட்டாள்.