மணி அடித்த பிறகு

மடத்துப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கடிகாரம். நேரில் சிஸ்டர், முதுகுக்குப் பின்னால் கடிகாரம். மாலை ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டால் போதும், கையிலிருக்கும் வேலை அப்படியே அந்தரத்தில் நிற்கும். கரும்பலகையில் கொம்பைப் போட்டுவிட்டு, எழுத்தைப் போடாமல் போன நாளெல்லாம் உண்டு. மறுநாள் வந்து அந்த எழுத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குவார்.

கன்னியர் பயிற்சியில் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மணி என்பது கடவுள் கூப்பிடுகிற குரல், பாதி எழுத்தானாலும் விட்டுவிட்டு எழுந்திரு என்று. மற்ற சிஸ்டர்கள் போகப்போகக் கொஞ்சம் வளைந்துகொடுத்தார்கள். இவர் வளையவில்லை. அதில் உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. துறவிக்குப் பெருமை ஆகாதுதான், ஆனால் வெளியே காட்டாத பெருமையை யார் வந்து பிடுங்கப்போகிறார்கள்.

ஆறாம் வகுப்பில் தையல்காரியின் மகள் ஒருத்தி இருந்தாள். திக்குவாய். எழுந்து நின்றால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகும் அந்தச் சொல் வெளியே வந்திருக்காது. கடைசியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். அம்மாக்காரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பரீட்சையில் வாசித்துக் காட்டாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவேன், என்னோடு உட்கார்ந்து தைக்கட்டும், தையல் மிஷினுக்கு வாய் தேவையில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஒரு நாள் காலை, எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது சிஸ்டர் அந்தப் பெண்ணின் வாயைக் கவனித்தார். தங்குதடையில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் இவளுக்குத் திக்குவதில்லை. அன்று முதல் பள்ளி விட்டதும் அவளை நூலக அறையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இருவருமாக ஒரே குரலில் பாடம் வாசித்தார்கள். வாசிக்க வாசிக்க சிஸ்டர் தன் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். குறைவது தெரிந்தால் அவள் பயந்து நின்றுவிடுவாள். மறுபடி முதலிலிருந்து. ஆமை வேகம்தான், ஆனாலும் நகர்ந்தது.

பரீட்சை நெருங்கிய சமயம் ஒரு மாலை, சிஸ்டர் குரலை முழுதாக நிறுத்திவிட்டார். அவள் நிற்கவில்லை. ஒரு முழு வரியைத் தனியாக வாசித்தாள். அடுத்த வரியின் நடுவில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைக்க அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. சிஸ்டரைக் கேட்காமலே கால்கள் எழுந்துவிட்டன. "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெபக்கூடத்தில் அவருக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை தனியாக வாசித்துவிட்டாள் என்று கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னார். பைபிளிலுள்ள சங்கீதப் பாடல்களைக் கூடத்தின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். ஒரு பக்கம் முடிக்கும் வரை மறு பக்கம் பேசாமல் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயில் சொல்லோடு தவித்துக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறோம். அதற்குமேல் ஒரு வரிகூட அவருக்கு ஓடவில்லை.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. இனி வரமாட்டாளாம், மிஷினில் உட்கார்ந்துவிட்டாளாம் என்று வகுப்புத் தோழி வந்து சொன்னாள். சிஸ்டர் மடத்துத் தலைவியிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மதர் சிரித்தேவிட்டார். மணிக்குக் கீழ்ப்படிந்ததற்காக மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தன்மேல் கோபம் கோபமாக வந்தது. வெளியே போய்வர அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டார்.

தையல்காரியின் வீடு மடத்துக்குப் பின்தெருவில் இருந்தது. முன்னறை முழுக்க வெட்டிப் போட்ட துணித் துண்டுகள். ஒரு மூலையில் மகள் தலைகுனிந்தபடி தைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. தையல்காரி ஸ்டூலிலிருந்த துணியை அள்ளிவிட்டு உட்காரச் சொன்னாள். சிஸ்டர் புத்தகத்தைப் பிரித்து அதே பாடத்தைத் தனியாக வாசித்தார். நடுவில் குரலைக் குறைத்தும் பார்த்தார். மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வெயில் இறங்குகிற வரை அப்படியே போனது.

மணி அடித்தது. மிஷின் நின்றது.

"சிஸ்டர், உங்க மணி" என்றாள் தையல்காரி.

சிஸ்டரின் முழங்கால்கள் பழக்கத்தில் விறைத்தன. இன்று உட்கார்ந்துவிட்டால் இத்தனை வருஷம் எழுந்து போனதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று நிஜமாகவே பயமாக இருந்தது. ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண் அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. முதல் எழுத்து வந்து மாட்டியது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது. தையல்காரி சொல்லை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தாள். சிஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். மணி ஓய்ந்து, தெருவில் ஒரு வண்டி போய், அதன் சத்தமும் அடங்கியது.

"அன்னைக்கு... ஏ... ஏன் போனீங்க?"

மணி அடிச்சதும்மா என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று சிஸ்டருக்குத் தெரியும். வேறு ஏதோ சொல்லப் பார்த்தார். வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய வாய் திறந்து திறந்து மூடியது. அந்தப் பெண் மிஷினிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"இருந்திருக்கணும்மா" என்றார் கடைசியில். "நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் இருந்திருக்கணும்."

தையல்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு அனுப்பட்டுமா என்று சிஸ்டரிடம் கேட்டாள்.

"என்னைக் கேக்காதீங்க, அவளைக் கேளுங்க."

பதில் வர நெடுநேரம் ஆயிற்று. பெரியவர்கள் இருவரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வ... வர்றேன்" என்றாள் அவள்.