மூன்றாம் பூசுதல்

அப்பாவுக்குப் பாதர் மூன்றாவது முறையாகவும் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபித்தார். எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் நோயாளிக்குப் பூசுதல் என்றால் ஆள் இனி இல்லை என்றுதான் கணக்கு. அப்படியில்லை என்று பாதர் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்துவிட்டார். யாரும் கேட்பதில்லை. அம்மா அன்று பின்னேரமே கத்தாரில் இருக்கிற அண்ணா றொகானுக்குச் சொல்லிவிட்டாள். அவன் கம்பனியில் மன்றாடி லீவு வாங்கி வந்தான்.

வந்து பார்த்தால் அப்பா முற்றத்தில் சாய்கதிரையில் இருந்து உப்பில்லாத மீன்குழம்பைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"என்னடா, ஆரின்ர செத்தவீட்டுக்கு வந்தனீ?"

அண்ணா சிரித்தான். பிறகு என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அப்பாவின் இருதயம் பெருத்து, அடிக்கும் பலம் குறைந்துவிட்டது. கால் வீங்கும், மூச்சு முட்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊசி போட்டுத் தண்ணீரை இறக்குவார்கள். திரும்பி வந்து கருவாடு கேட்பார். முந்தைய இரண்டு பூசுதலும் அப்படித்தான் முடிந்தன. "பாதரின்ர எண்ணெயெல்லாம் உங்கட வீட்டுக்குத்தான் போகுது பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டுப் பெற்றிசியா மாமி. பகிடிதான்.

அண்ணாவும் நானும் டொக்டரிடம் போனோம்.

"உயிர் நாளைக்கும் போகலாம். நாலைஞ்சு வருஷம் இருக்கவும் கூடும். எனக்குச் சொல்லத் தெரியேல்லை" என்றார்.

ஒரு பொய் சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

லீவு முடியும் நாள் நெருங்க, அண்ணா பெட்டியை அடுக்குவதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தான். போகாவிட்டால் வேலை இல்லை. போனால் இரண்டு வருடத்துக்கு லீவு இல்லை, செத்தவீட்டுக்கும் விடமாட்டார்கள்.

"நிறஞ்சா, நீதானே அவரை ஒவ்வொரு நாளும் பாக்கிறாய். நிக்கட்டோ, போகட்டோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"டொக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அப்ப ஆருக்கடி தெரியும்?"

அன்று காலை அப்பாவின் காலை அமுக்கிப் பார்த்திருந்தேன். விரல் பதிந்த குழி மெல்லத்தான் மூடியது. போன கிழமையும் அப்படி இருந்தது, பிறகு வற்றியது. இதை வைத்து என்ன சொல்வது?

"போ" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் நின்றால் அதற்காகவே அப்பா செத்தாக வேண்டும் என்பதுபோல வீடு இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அலுத்தும் போயிருக்கலாம்.

அண்ணாவை எயர்போட்டுக்கு ஏற்றிப்போக வான் வந்ததும் அப்பா கதிரையில் இருந்தபடியே அவன் நெற்றியில் சிலுவை போட்டார். சாகிறவர் பிள்ளைக்கு அப்படித்தான் போடுவார். கடலுக்குப் போகிறவனுக்கும் அப்படித்தான் போடுவார்கள். இது எது என்று அண்ணா அவர் முகத்தில் தேடினான். எனக்கும் விளங்கவில்லை.

வான் போனபின் அப்பா கேட்டார்.

"ஆர் அவனைப் போகச் சொன்னது?"

"நான்தான்."

கண்ணை மூடினார். "நல்லம்" என்றார்.

யாருக்கு நல்லம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். குறையவில்லை. வான் இன்னும் மன்னார் டவுனைத் தாண்டியிருக்காது. போனைக் கையில் எடுத்தேன். அப்பா கையை அசைத்தார். வேண்டாம் என்றா, கெதியாய்க் கூப்பிடு என்றா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோக்காரனுக்கு எடுத்தேன். அண்ணாவுக்கு எடுக்கவில்லை.