நம்பர் ஒன் முட்டு

சாலவாக்கம் கபடிப் போட்டியில் பதினோரு வருடமாகப் பொன்னாடை ஒரே தோளில்தான் விழுந்துகொண்டிருந்தது. கபடிக் குழுத் தலைவர் செந்தமிழனின் தோள் அது. 2004இல் மாவட்ட அளவில் இரண்டாமிடம் வந்தவர். ‘கபடிச் செம்மல்’ பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். எழுதச் சொன்னவர் அவரேதான்.

இந்த வருடப் பொன்னாடை அஜய்க்கு என்று பசங்கள் முடிவு பண்ணிவிட்டார்கள். கேட்டதிலிருந்து செந்தமிழனுக்குச் சோறு இறங்கவில்லை.

அஜய் அவரே குழுவிலிருந்து துரத்திவிட்டவன். பதினேழு வயதில் தொண்ணூற்று நாலு கிலோ. “கபடிக்கு எண்பத்தஞ்சுதான்டா கணக்கு. நீ ரோடு போடுற எடத்துல போய் உருளு” என்று அனுப்பினார். அவன் அம்மா காளியம்மாளோடு சென்னைக்கு, கான்கிரீட் தளத்துக்கு முட்டு நட்டுத் தகடு பரப்பும் சென்ட்ரிங் வேலைக்குப் போனான். பக்கத்து மைதானத்தில் ரக்பி ஆடியவர்கள், ஒற்றை ஆளாக இரும்புத் தகடுகளைச் சுமந்தவனைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்புறம் மும்பை, கொழும்பு, கிளப்பில் மாதச் சம்பளம். இப்போது நூற்றுப் பதினெட்டு கிலோ. இடது காது அமுங்கிய பஜ்ஜி.

ஃப்ளெக்ஸில் அவன் சட்டை எண் பெரிதாக 1. கீழே, ‘உலகின் நம்பர் ஒன் ரக்பி வீரரே வருக!’

அந்த ஒன்று செந்தமிழனின் கண்ணைக் குத்தியது. மூன்று நாள் செல்போனைக் குடைந்தார். நாலாம் நாள் அகப்பட்டது. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் மைக்கை முதலில் பிடித்தவர் அவர்தான்.

“ரக்பில நம்பர் ஒன்னுன்னா மொத எடம் கெடையாது. நிக்கிற எடத்தோட நம்பர் அது. அதுக்குப் பேரு ப்ராப்பு. தமிள்ல முட்டு! எட்டுப் பேரு குனிஞ்சு எதிர் டீம தள்ளுவாங்கோ, இவன் முன்னால நின்னு முட்டுக் குட்த்துக்கினு கீறான். பந்த எட்த்துக்கினு ஓடுறவன் வேற ஆளு. இன்னா அஜய், நான் சொல்றது பொய்யா?”

அஜய் எழுந்தான். “கரெக்ட்டுதாண்ணா. இத்தினி வருசத்துல மூணு வாட்டிதான் பந்தக் கோட்டுக்கு அந்தாண்ட வெச்சு பாயின்ட்டு எட்த்துக்கீறேன்.”

செந்தமிழன் கூட்டம் சிரிக்கக் காத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்ததில் பாதிப்பேர் சென்ட்ரிங் வேலைக்காரர்கள் என்பது அவருக்கு நினைவில்லை.

முன்வரிசையில் இருந்த காளியம்மாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவியைக் கேட்டாள். “இன்னாடி சொல்றாரு? எம்புள்ள முட்டா?”

“ஆமாக்கா.”

“அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா! வெளாட்றான் வெளாட்றான்னாங்கோ, எனக்கு ஒண்ணும் வெளங்கல.” எழுந்து மேடையிலிருந்த செந்தமிழனைப் பார்த்தாள். “நைனா, உன் வூட்டு மாடிக்கு நாந்தான் முட்டு நட்டேன். இருவத்தோரு நாளு எவனும் கைய வெக்கக்கூடாதுன்னு நீதான காவலு கெடந்த? ஒண்ண உருவியிருந்தா உன் தளம் இன்னா ஆயிருக்கும்?”

“உன் தலமேல வுழுந்துருக்கும்!” என்றது பின்வரிசை. விசில் பறந்தது. “முட்டு அஜய்! முட்டு அஜய்!”

யாரோ பொன்னாடையைச் செந்தமிழன் கையில் திணித்தார்கள். எக்கித்தான் போர்த்த வேண்டியிருந்தது. அவருக்கு முழங்கால்வரை தொங்கும் பொன்னாடை இவன் தோளில் கைத்துண்டாகிவிட்டது. கிட்டத்தில் அந்தக் காது தெரிந்தது.

“இன்னாடா காது இது?”

“குனிஞ்சு தள்றப்ப அமுங்கி அமுங்கி இப்டி ஆய்டுச்சுண்ணா. எந்த ஊருக்குப் போனாலும் காதப் பாத்தே ப்ராப்புன்னு கண்டுபுட்சிடுவாங்கோ.”

வீட்டுக்கு வந்ததும் செந்தமிழன் கண்ணாடி முன் நின்றார். இருபது வருடக் கபடி. உடம்பில் பார்த்துச் சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. இடது காதை மடக்கி அமுக்கினார். விட்டதும் விரிந்துகொண்டது. மறுபடி அமுக்கினார்.

மனைவி திலகா எட்டிப் பார்த்தாள். “காது நோவுதா? எண்ணெ காச்சி ஊத்தட்டா?”

“வாணாம்” என்றார், காதை விடாமல்.