எட்டுத் தெருவும் ஒரு ஃபைலும்

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்று சேர்ந்த அன்றைக்கே யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். கூப்பிடுகிற வாய் வலிக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, வேலை சொன்னால் முனகுகிற டிஸ்க். ஊர் முழுக்க வருகிற குழாய்ப் புகார்களைக் காலையில் அதில் ஏற்றினால், அது தெருவாரியாகப் பிரித்துத் தெருவுக்கு ஒரு ஃபைலில் எழுதும். அதை அச்சடித்து மேஸ்திரி கையில் கொடுத்தால் அவர் ஆட்களோடு கிளம்புவார். தாளில் இல்லாத தெருவுக்கு அவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஊரில் இருபத்தொரு தெரு. தனி ஃபைல் இருந்ததோ பதின்மூன்றுக்குத்தான். மீதி எட்டும் ‘மற்றவை’ என்ற ஒரே ஃபைலில் அடைந்து கிடந்தன. அந்தத் தாள் கட்டின் அடியில் இருக்கும். மேஸ்திரியின் கை அதைத் தொடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

டிகிரியின் வீடு மற்றவையில் இருந்தது. அங்கே குழாய் உடைந்து தண்ணீரில் சாக்கடை கலந்துகொண்டிருந்தது. காய்ச்சித்தான் குடித்தார்கள். அப்படியும் சித்தியின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அம்மா புகார் எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோனாள்.

“நீ அங்கதானேடி வேலை பாக்கறே? இல்ல, கொலு பொம்மை மாதிரி உக்கார வச்சிருக்காங்களா?”

அன்றைக்கு அவள் நேராகச் சீனியரிடம் போய் நின்றாள். புகாரைத் தெருவாரியாகப் பிரிக்கிற புரோகிராமை எழுதியவர் அவர்.

“சார், மத்தவைன்னா யாரு?”

“யாருன்னா? மிச்சத் தெரு.”

“மிச்சம்னு யார் முடிவு பண்ணது?”

“மெஷின்தாம்மா. ஒரு புரோகிராம் ஒரே நேரத்துல இருபது ஃபைல்தான் திறந்து வைக்கலாம். கீபோர்டு, திரை, பிரிண்டர்னு அஞ்சு இடத்தை ஆரம்பத்துலயே துண்டு போட்டுப் பிடிச்சுக்குவாங்க. புகார் ஃபைலுக்கு ஒண்ணு. மிச்சம் பதினாலு. பதிமூணு தெரு, ஒரு மத்தவை. கணக்கு சரியா?”

“கணக்கு சரி. வரிசை?”

“வரைபடத்துல இருந்தபடி போட்டேன்.”

“வரைபடம் பெரிய இன்ஜினியர் வீட்டு வாசல்லேர்ந்துதான் ஆரம்பிக்குது சார்.”

சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். யாருமே தப்புச் செய்யாமல் எட்டுத் தெரு அடியில் போய்ச் சேர்ந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இருபதை ஏத்த முடியாதா?”

“மெஷின் கிளம்பும்போது படிக்கிற கான்ஃபிக் ஃபைல்ல நாப்பதுன்னு போட்டும் பாத்துட்டேன். அது மெஷினோட மொத்தக் கணக்கு. ஒத்தைப் புரோகிராமுக்கு இருபதுதான். தலைகீழா நின்னாலும் நடக்காது.”

“எல்லாத்தையும் எதுக்கு சார் திறந்தே வச்சிருக்கணும்?”

“ஒவ்வொரு புகாருக்கும் திறந்து மூடினா இந்த டிஸ்க் சாயங்காலம் வரைக்கும் முனகும்.”

அதுவும் உண்மைதான். ஆனால் எல்லாத் தெருவும் எந்நேரமும் கத்துவதில்லையே! பதினான்கு ஃபைல் திறந்திருக்கட்டும். இடமில்லாத தெருவிலிருந்து புகார் வந்தால், ரொம்ப நேரமாகச் சும்மா கிடக்கிற ஃபைலை மூடிவிட்டு அங்கே இதைத் திறக்கலாம். மூடிய தெரு மறுபடி வாய் திறந்தால், அப்போது தூங்குகிற வேறொன்றை எழுப்பிவிட்டு அந்த இடத்தை இதற்குக் கொடுக்கலாம். உட்கார்ந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை.

மதியத்துக்குள் எழுதி ஓட்டினாள். இருபத்தொரு ஃபைல் வந்தது. குதிக்காத குறைதான்.

சீனியர் தாள்களைப் புரட்டினார். பக்கம் நிறைய வருகிற தெருவெல்லாம் ஒன்றிரண்டு வரியோடு நின்றிருந்தது.

“அடேயப்பா! ஒரே மத்தியானத்துல ஊருக்கே நோய் தீத்துட்டியே டிகிரி. மேஸ்திரியை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. தப்பு எங்கே என்று உடனே தெரிந்தது. மூடிய ஃபைலை மறுபடி ‘எழுத’ என்று திறந்திருந்தாள். அப்படித் திறந்தால் மெஷின் உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். காலையில் முதல் தடவை மட்டும் அது சரி. அப்புறமெல்லாம் ‘சேர்த்து எழுத’ என்று திறக்கவேண்டும்.

இந்தத் தாள்களையே மேஸ்திரியிடம் கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. பெரிய இன்ஜினியர் ஒருநாள் மற்றவையாக இருந்து பார்க்கட்டுமே. ஆனால் அவள் தெருவின் உடைந்த குழாயும் அதே துடைப்பில் போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியை மாற்றினாள்.

இந்த முறை டிஸ்க் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக முனகியது, அவ்வளவுதான். சீனியர் ஒவ்வொரு புகாராக விரல் வைத்துச் சரிபார்த்தார். ஒன்றும் விடுபடவில்லை. அவள் தெருவின் பட்டியல் இரண்டாம் பக்கம்வரை நீண்டிருந்தது. அதில் பாதி அம்மா எழுதியது.

தாள்கட்டை அவள் வரைபடத்தின்படி அடுக்கவில்லை. நிறையப் புகார் உள்ள தெருவை மேலே வைத்தாள். சீனியர் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கட்டுக்குத் தானே கிளிப் போட்டு வைத்தார்.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து மேல்தாளை எடுத்தார்.

“இந்தத் தெரு எங்கம்மா இருக்கு?”

“நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் இருக்கு.”

“கோவிச்சுக்காதே தாயி. நான் போனதே இல்ல. எந்தப் பக்கம் திரும்பணும்?”

அவள் சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் சீனியரைப் பார்த்தாள்.

“போய்ட்டு வாம்மா,” என்றார் அவர். “மெஷினை நான் பாத்துக்கறேன்.”

“எதையும் துடைச்சுடாதீங்க சார்.”

வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் கிடந்த குழாய்ச் சாவிகளைக் காலடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“நேரா விடுங்க மேஸ்திரி. எங்க திரும்பணும்னு நான் சொல்றேன்.”