பத்துக்கு ஆறு

கெல்பரோ டவுன் கால்பந்து கிளப்பில் புதிய சீசன் பந்தோடு தொடங்குவதில்லை. ஜூலை முதல் திங்கட்கிழமை, பிசியோ அறைக்கு வெளியே உள்ள குறுகலான நடையில் இருபத்து மூன்று ஆண்கள் அரைக்கால் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்து, இந்த வருடம் எவ்வளவு முட்டாளாக இருப்பது என்று கலந்து பேசுவதில்தான் தொடங்குகிறது.

விஷயம் இதுதான். அன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகப் பரிசோதனை. பிசியோ பத்து வார்த்தைகளைப் படிப்பாள். திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அதே பத்து வார்த்தைகளை மறுபடியும் கேட்பாள். அந்த மதிப்பெண் கோப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிற்பாடு அக்டோபரிலோ நவம்பரிலோ யாராவது தலையில் அடிபட்டு விழுந்தால், அதே பரிசோதனையை மறுபடி வைத்து ஜூலை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆட்டம் கிடையாது. வாரக்கணக்கில் பெஞ்சுக்குப் பின்னால் கோட்டு போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்குள் நம் இடத்தில் ஆடுகிறவன் இரண்டு ஆட்டம் நன்றாக ஆடிவிட்டால், கோட்டைக் கழற்றவே வேண்டியிருக்காது.

ஆகவே ஜூலையிலேயே குறைவாக வாங்கிவிட்டால் அக்டோபரில் குறைய இடமில்லை. இதைக் கண்டுபிடிக்க மட்டும் எல்லோருக்கும் மூளை நன்றாக வேலை செய்தது.

"ஆறு. அதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்" என்றான் கோல்கீப்பர் லென்னி ஷாரக். இந்தக் கலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. "நாலுக்குப் போனா டாக்டர்கிட்ட அனுப்பிடுவாங்க. எட்டுக்குப் போனா நம்ம புரொஃபசர் கதிதான்."

புரொஃபசர் என்பது இடப்பக்க விங்கர். போன வருடம் ஏதோ ரோஷத்தில் ஒன்பது வாங்கித் தொலைத்தான். அக்டோபரில் யாருடைய முழங்கையோ நெற்றியில் பட்டது. ஐந்து வாரம் கோட்டு. அவன் இடத்தில் வந்தவன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

"எங்கம்மாகிட்ட அந்த ஒன்பதைக் காட்டினேன், அழுதுட்டாங்க" என்றான் புரொஃபசர். "நான் எதுலயும் ஒன்பது வாங்கினதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையில் முதலாவதாக உட்கார்ந்திருந்த கேப்டன் டீன் டன்ஸ்டல் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான்.

டீனுக்கு முப்பத்து நான்கு வயது. நடுத் தடுப்பாட்டக்காரன். கோல் போடுகிறவர்களுக்கு வரலாறு உண்டு. தடுக்கிறவனுக்கு இருப்பதெல்லாம் அவன் வழியில் நின்றான் என்ற ஒரே வாக்கியம். எட்டு வயதில் ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினாறில் ஒரு கடிதம் வந்தது: உயரம் போதாது. அடுத்த வருடமே நான்கு அங்குலம் வளர்ந்தான். கடிதத்துக்கு அது தெரியாது. பிறகு ஐந்து வருடம், வாரம் முழுக்கக் கூரைக்கு ஓடு போடும் வேலை. சனிக்கிழமைகளில் சரிவான மைதானங்களில், முந்நூறு பேருக்கும் சில நாய்களுக்கும் முன்னால் ஆட்டம். இருபத்தொன்றில் கெல்பரோ கூப்பிட்டது. பதின்மூன்று சீசன். ஒருமுறை மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள்; இரண்டு முறை இறங்கினார்கள். ஏறியது ஒருமுறை, இறங்கியது இருமுறை என்றால் கணக்கு எப்படிச் சரியாக வரும் என்று கேட்கிறவர்களுக்கு, டீன் வந்தபோது கிளப் ஒரு படி மேலே இருந்தது என்பதுதான் பதில். அதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அவன் எப்போதும் சொல்வான்.

அவன் வாழ்க்கையில் ஒரு பெரிய நாள் உண்டு. கோப்பை ஆட்டம், முதல் பிரிவு அணியின் மைதானம், நாற்பதாயிரம் பேர். பதினேழு பந்துகளைத் தலையால் முட்டி வெளியே அனுப்பினான். கெல்பரோ நாலுக்குச் சைபர் என்று தோற்றது. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை அவனுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தது. அது எப்போதும் ஆறுதான் கொடுக்கும். தன் கல்லறையிலும் அதையே பொறித்துவிடலாம், செலவு மிச்சம் என்று அவன் சொல்வான்.

இந்தக் கோப்பை ஆட்டக் கதையைத்தான் மே மாதம் மைத்துனி கல்யாணத்தில் ஒரு மேஜைக்குச் சொன்னான். நல்ல சிரிப்பு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சொன்னான். அதே மேஜை. சிரிப்பு வராததற்கு அவர்களுடைய ரசனைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டான். அது இரண்டாவது தடவை என்று காரில் வரும்போது மனைவி ஜனீன்தான் சொன்னாள். அதோடு விடவில்லை. ஜூன் முழுக்க அதைப் பற்றிப் பேசாமலிருந்துவிட்டு, நேற்றுக் காலை டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு அந்த டெஸ்ட்தானே. இந்தத் தடவை நிஜமா பண்ணு."

"நிஜமா பண்ணா பத்து வரும். அப்புறம் என்னைக் கேம்பிரிட்ஜ்ல சேர்த்துடுவாங்க."

வழக்கமாக ஜனீன் பரிதாபப்பட்டாவது சிரிப்பாள். நேற்றுச் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு உண்மையான நம்பர் வேணும், டீன். பன்னெண்டு வருஷமா நீ வாங்கினது ஒண்ணுகூட உண்மை இல்ல. ஒரு தடவை பாத்துடுவோம். நல்லா வந்தா நான் வாயே திறக்கமாட்டேன், நீ நாப்பது வயசு வரைக்கும் ஆடு."

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. அவனுக்கு இந்த ஒரு சீசன் வேண்டும். சரி என்று சொல்லிவிட்டான்.

உள்ளே நெரிஸ் காத்திருந்தாள். வேல்ஸ்காரி, பிசியோவாக வந்து இரண்டு வருடம். குரல் மெதுவாக வரும், கை மட்டும் இரும்பு.

"உக்காருங்க டீன். நான் பத்து வார்த்தை சொல்வேன், உங்களுக்குத் தெரியாததா." காகிதத்தைப் பார்த்து, நொடிக்கு ஒன்றாகப் படித்தாள். "கரண்டி. குதிரை. மேகம். ஏணி. வெண்ணெய். கம்பளி. ஜன்னல். பாலம். மிளகு. மணி."

டீன் மூச்சை இழுத்துக்கொண்டான். "மணி. மிளகு. கரண்டி. ஏணி." இன்னும் வரும் என்று காத்திருந்தான். "வெண்ணெய்."

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. பொய்யாக ஆறு வாங்க வேண்டுமென்றால் பத்தும் நினைவில் இருக்க வேண்டும். முதல் வருடங்களில் அப்படித்தான் இருந்தது: பத்தும் பழக்கடை மாதிரி வரிசையாகக் கண்முன் நிற்கும், எந்த நாலை விடலாம் என்று இவன் பொறுக்குவான். இன்றைக்குப் பொறுக்க எதுவுமில்லை. போன வருடம் இருந்ததா? போன வருடம் நாலை விட்டேனா, அல்லது ஆறுதான் இருந்ததா? யோசித்தான். அதுவும் நினைவில்லை.

மாதங்களில் ஆகஸ்டுக்கு அப்புறம் கொஞ்சம் தடுமாறினான். ஒற்றைக் காலில் நன்றாக நின்றான். கால்கள் எப்போதும் நாணயமானவை. கடைசியில் நெரிஸ் பத்து வார்த்தைகளை மறுபடி கேட்டபோது இரண்டு கிடைத்தன. ஏணியும் வெண்ணெயும். ஏணி கூரை வேலையில் பழகியது, வெண்ணெய் நேற்றைய டோஸ்ட். மற்ற எட்டையும் பற்றி அவனுக்கு மரியாதை கலந்த ஒரு சந்தேகம் மட்டுமே இருந்தது.

நெரிஸ் பழைய தாளைப் புரட்டினாள். "அஞ்சு, அப்புறம் ரெண்டு. போன வருஷம் ஆறு, மூணு. அதுக்கு முந்தியும் ஆறு, மூணு." பேனாவை எடுத்தாள். "உங்க அளவுக்கு இது வழக்கம்தான். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

வழக்கம்தான். பன்னிரண்டு வருடம் அவன் கட்டிய சுவர். தடுப்பாட்டக்காரன் கட்டியதல்லவா, எதையும் உள்ளே விடவில்லை.

அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பந்தைத் தட்டிக்கொண்டிருக்கப் போயிருந்தார்கள். நடையில் லென்னி மட்டும் இருந்தான், அடுத்தது அவன்தான். பத்து வருடமாக அவனுக்கு முன்னால் நின்று டீன் தடுத்திருக்கிறான். பத்து வருடமாக ஒரே காரில் வருகிறார்கள்.

"எவ்வளவு?"

"அஞ்சு. அப்புறம் ரெண்டு."

"ரெண்டா? பேராசைடா உனக்கு. ஆனா கலைஞன்டா நீ."

"நடிக்கலடா."

லென்னி சிரிக்கத் திறந்த வாயை அப்படியே வைத்திருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவ என்ன எழுதினா?"

"வழக்கம்னு."

"அப்ப விடு. ஒரே ஒரு சீசன் மச்சான். உன் பேப்பர் சுத்தமா இருக்கு. நீ போய் வாயைத் திறந்தா எங்க எல்லார் பேப்பரும் நாறும். இருபத்து மூணு பேரும் மறுபடி எழுதணும்."

அது நியாயமான பேச்சுதான். டீன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"லென்னி, அந்தக் கப் மேட்ச் கதை. இன்னிக்குக் கார்ல சொன்னேனா?"

"அந்த மேட்ச்ல நானும்தான்டா ஆடினேன். நாலு கோலும் என்னைத் தாண்டித்தான் போச்சு."

"சொன்னேனா?"

லென்னி தன் கையுறைகளைப் புரட்டிப் பார்த்தான். அவற்றில் பார்க்க எதுவுமில்லை.

"சொன்ன."

"எத்தனை தடவை?"

"காஸ்வே ரவுண்டானாகிட்ட ஒரு தடவை." ஒரு கையுறையின் பட்டையைப் பிரித்து ஒட்டினான். "கிளப் கேட் கிட்ட ஒரு தடவை. நீ எப்பவும் சொல்றதுதானேன்னு... நான் ரெண்டு தடவையும் சிரிச்சேன்டா."

"நல்லாச் சிரிச்சியா?"

"ரெண்டாவது தடவை இன்னும் நல்லா."

டீன் அவன் தோளைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்து மறுபடி உள்ளே போனான்.

நெரிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவன் உட்காரவில்லை.

"அந்தப் பழைய தாள் எல்லாம் பொய். பன்னெண்டும். இன்னிக்கு வாங்கினது மட்டும்தான் நிஜம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நான் மட்டும்தான் அப்படிப் பண்ணேன். மத்தவங்க எல்லாம் நிஜமாவே அவ்வளவுதான்."

நெரிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "போன வருஷம் இந்தக் கிளப்ல பதினாறு பேர் சரியா ஆறு வாங்கினாங்க. அதுக்கு மேல போனது புரொஃபசர் மட்டும்தான். நான் தற்செயல்னு நினைச்சேன்னா நினைக்கிறீங்க?" அதில் கோபம் இல்லை. "கேட்டா யாரும் ஒத்துக்கமாட்டாங்க. எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆள். அது நீங்களா இருக்கவேண்டாம்னு நினைச்சேன்."

அவள் அன்றைய தாளில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தாள். "மான்செஸ்டர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இந்த வாரமே போறோம், நானும் வர்றேன். அவங்க சொல்றவரைக்கும் தலையால பந்தைத் தொடக் கூடாது. ஒண்ணுகூட."

"தலையை எடுத்துட்டா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கு நெரிஸ்? என் இடது காலை நீங்க பார்த்திருக்கீங்க."

"பார்த்திருக்கேன்" என்றாள் அவள். சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிட்டாள். "சீசனைப் பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல முடியாது. ஜனீனுக்குத் தெரியுமா?"

"நம்பர் கேட்டிருக்கா. சாயங்காலம் சொல்லணும்."

"எழுதித் தரவா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையசைத்தான். அவள் ஒரு சின்னச் சீட்டில் ஐந்து, இரண்டு என்று எழுதித் தந்தாள். அதை மடித்துக் காலுறைக்குள், கணைக்கால் காப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பதின்மூன்று வருடத்தில் அந்த இடத்தில் வைத்த எதையும் அவன் தொலைத்ததில்லை.

வெளியே வந்தபோது லென்னி எழுந்து நின்றிருந்தான். கையுறைகளை டீனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

டீன் பெஞ்சில் உட்கார்ந்தான். மைதானத்திலிருந்து பந்து உதைபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போதைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. உள்ளே நெரிஸ் வார்த்தைகளைப் படித்தாள். இது வேறு பத்து. லென்னி திருப்பிச் சொன்னான். டீன் விரல் விட்டு எண்ணினான். ஆறு வந்ததும் லென்னி நிறுத்தினான். அங்கேதான் எப்போதும் நிறுத்துவான். உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஏழாவதையும் சொன்னான், எட்டாவதையும் சொன்னான், ஒன்பதாவதையும் சொன்னான்.

"இப்ப மாசம்" என்றாள் நெரிஸ்.

"டிசம்பர். நவம்பர். அக்டோபர்." அவசரமில்லாத குரல். வெளியே கேட்க வேண்டும் என்று சொன்னது போல இருந்தது.

டீன் கையுறைகளை மடியில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் கூடவே சொன்னான். செப்டம்பர். ஆகஸ்ட். லென்னி ஜனவரியைச் சொல்லி முடித்தபோது அவன் இன்னும் ஆகஸ்டில் இருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, அதற்கு முன்னால் வருவது எது என்று நிஜமாகவே தேடினான்.